ஓடாத சக்கரத்துக்கு முதல் பரிசு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் மனித குலத்துக்குச் செய்த தொண்டு பெரிதுதான். ஆனால் அந்தச் சக்கரம் ஓடித் தேய்ந்துவிடாமல் காப்பாற்றுகிறவர்களின் தொண்டு அதைவிடப் பெரிது. உலகம் இதை இன்னும் உணரவில்லை. யார்க்‌ஷயரில் ஹார்ட்ஷா என்ற மேட்டு ஊரில் இயங்கும் 'பழம்பெரும் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் பாதுகாப்புச் சங்கம்' உணர்ந்திருக்கிறது. 'இயங்கும்' என்று சொன்னது சங்கத்தைத்தான். மோட்டார் சைக்கிள்களை அல்ல.

அந்தச் சங்கத்தின் தூண்களில் ஒருவர் டெஸ்மண்ட் ஹோல்ராய்ட். குடிநீர் வாரிய அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும், மற்றவர்களைப் போல ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி வாழ்நாளை வீணாக்கவில்லை. தோட்டத்துக் கோடியில் மரக் கொட்டகை போட்டு, அதில் உலோகம் கடையும் லேத் மெஷின் ஒன்றை இறக்கினார். அதற்குப் பின்னாலேயே 1954ஆம் வருஷத்து டன்லின் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. நீலப் புகை கக்கிக்கொண்டு, படபடவென்று தானே ஓடி வந்தது. டெஸ்மண்ட் அந்தக் குறையை அன்றைக்கே சரிசெய்துவிட்டார். இப்போது அதன் பாகங்கள் பிஸ்கட் டப்பாக்களில், எண்ணெய்த் துணி போர்த்தி, சத்தமில்லாமல் இருக்கின்றன.

இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் கடைசல் வேலை செய்வது ஒரு தவம். திருகாணி வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம். அது பாமரர்களின் வழி. தவசி கடைந்துதான் எடுப்பார். கடைவதற்கு ஓர் உளி வேண்டும். உளியைப் பிடிக்க ஒரு பிடி வேண்டும். அந்தப் பிடியைக் கடைய வேறோர் உளி வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் லேத் சமமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்கவில்லையென்றால் தரையைப் பெயர்க்க வேண்டும். டெஸ்மண்ட் இரண்டு முறை தரையைப் பெயர்த்தவர். திருகாணி வந்துகொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் எதிர்வீட்டு ஐவி அம்மாள் ஒரு நாள் தன் தள்ளு வண்டியோடு வந்து நின்றார். வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, நாலு சக்கரம் வைத்தது, அந்த வண்டி. ஐவி அம்மாளுக்கு அது ஆடம்பரம் இல்லை. அவருடைய கணவர் லென், மறதி நோய் முற்றிப்போய், தெருவின் உச்சியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருந்தார். பேர் மறந்துவிட்டது, ஊர் மறந்துவிட்டது. மனைவியின் கை மட்டும் மறக்கவில்லை. சாயங்காலம் அந்தக் கை ஊட்டினால்தான் வாயைத் திறப்பார். இல்லத்துப் பெண்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. அதனால் மழையோ பனியோ, ஐவி அம்மாள் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு தினமும் மேடு ஏறுவார்.

"டெஸ்மண்டு, இந்த முன்சக்கரம் குடிகாரன் மாதிரி தள்ளாடுது. கொஞ்சம் பாரேன் கண்ணு. ஒரு துணியைச் சுத்தி வெச்சாக்கூடப் போதும்."

"துணியா?" டெஸ்மண்டின் முகம் வெளிறியது. "ஐவி, அந்த மாதிரிப் பேச்சே பேசாதீங்க. அச்சைச் சுத்தி உள்ள இருக்கற புஷ் வளையம் தேஞ்சுபோச்சு. கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்ல போட்டிருக்கான், படுபாவி. நான் வெண்கலத்துல கடைஞ்சு போட்டுடறேன்."

"எப்பக் கிடைக்கும்? எனக்கு லென்கிட்ட போகணுமே."

"சின்ன வேலைதான்."

அன்று பொழுது சாய்வதற்குள் வண்டி முழுவதும் கழற்றப்பட்டது. ஆடியது ஒரு சக்கரம்தான் என்றாலும், மற்ற மூன்றையும் சந்தேகத்தின் பேரில் காவலில் வைத்தார். வண்டியின் சட்டம் இடத்தை அடைத்ததால் அதைக் கொட்டகையின் கூரையில் கட்டித் தொங்கவிட்டார்.

அடுத்த வாரம் அவர் மனைவி மொரீன் தேநீர்க் கோப்பையோடு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சக்கரம் ஆச்சா?"

"உள்துளை கடையற கம்பி செஞ்சிட்டிருக்கேன்."

"நான் சக்கரத்தைக் கேட்டேன்."

"அந்தக் கம்பியைப் புடிக்க ஒரு தாங்கி தேவைப்பட்டுது. தாங்கி முடிஞ்சிடுச்சு, பார்க்கறியா? கண்ணாடி மாதிரி வந்திருக்கு."

"ஐவி தினமும் என் கையைப் புடிச்சிட்டுதான் மேடு ஏறறா டெஸ்மண்ட். பாதி வழியில மூச்சு வாங்குது."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"அதுக்காகத்தானே இவ்வளவு துல்லியமா செய்யறேன்," என்றார் டெஸ்மண்ட், கருணையோடு.

துல்லியம் என்றால் சாதாரணத் துல்லியமா? ஒரு தலைமுடியைப் பத்தாக வகிர்ந்தால் கிடைக்குமே, அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே அந்த இழைக்கு மேல் இடைவெளி இல்லை. அச்சில் மாட்டிச் சுண்டினால் சக்கரம் சத்தமின்றிச் சுழன்றுகொண்டே இருந்தது. செய்தி சங்கத்துக்கு எட்டி, தலைவர் ரோலண்ட் பிக்கர்ஸ்கில் நேரில் வந்தார். கைக்குட்டையை விரித்து அதன்மேல் சக்கரத்தை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், இதைத் தெருவுலயா விடப் போறீங்க?"

"இது ஒரு அம்மாவோட வண்டி சார். அவங்க நடக்கணும்."

"நடக்கட்டும். யார் வேணாம்னா? ஆனா இது நடக்கணுமா? மழைத் தண்ணி, சரளைக் கல்லு, நாய் பண்ற அசிங்கம். யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை நம்ம கண்காட்சி. 'சிறு பாகங்கள்' பிரிவுல இதுக்கு எதிரே நிக்க ஒண்ணும் கிடையாது. ஓட்டத்துல இருக்கற பொருளை எடுத்துக்க மாட்டோம்னு விதி இருக்கு, உங்களுக்கே தெரியும்."

டெஸ்மண்டின் நெஞ்சுக்குள் ஏதோ லேசாகத் தட்டியது. இன்ஜினில் அப்படித் தட்டினால் எந்தப் பாகம் என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். இது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. எனவே சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மழை. மேட்டில் பாசி பிடித்த கல்லில் மொரீனின் கால் வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. இருவரும் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. அன்று லென் சாப்பிடவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்கு நீ ஐவியைக் கூட்டிட்டுப் போ," என்றாள் மொரீன் சனிக்கிழமை காலையில், வீங்கிய காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு.

"நாலு மணிக்குத்தான் பரிசு குடுக்கறாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வண்டியை மாட்டியே குடுத்துடறேன். ஒரே ஒரு நாள்தானே மொரீன்."

"லென்னுக்கு சனி, ஞாயிறெல்லாம் தெரியாது. பசி தெரியும்."

டெஸ்மண்ட் டையைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார்.

கண்காட்சி, மேட்டின் பாதியில் இருக்கும் சர்ச் மண்டபத்தில். கம்பளம் விரித்து, அதன்மேல் இருபதுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள் நின்றன. பித்தளையும் குரோமியமும் மின்ன, ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே இல்லாமல், பரிசுத்தமாக நின்றன. நடுநாயகமாக, நீல வெல்வெட்டின் மேல், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் ஐவி அம்மாளின் முன்சக்கரம்.

நாலு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்தது. வீடுகளின் மதில்களைப் பிடித்துப் பிடித்து அவ்வளவு தூரம் ஏறி வந்திருந்த ஐவி அம்மாள், மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். உட்கார நாற்காலி தேடினார். தலைவர் பிக்கர்ஸ்கில் அவரைக் கலாரசிகை என்று நினைத்து, நேரே கண்ணாடிப் பெட்டிக்கு அழைத்துப் போனார்.

"பாருங்கம்மா, எங்க சங்கத்தோட பெருமை."

ஐவி அம்மாள் குனிந்து பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே. இது உருளுமா?"

"உருளும்மா. ஆனா உருளணும்கற அவசியத்தைத் தாண்டிடுச்சு."

"அப்படியா. நல்லது." ஐவி அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "என் வீட்டுக்காரருக்கு ஊட்டற நேரம். நேத்தே ஒண்ணும் சாப்பிடல. என்னால தனியா மேல ஏற முடியல. இத்தனை வண்டி இருக்கே, யாராவது என்னைக் கொண்டுபோய் விடறீங்களா?"

கேள்வியின் அநாகரிகம் எல்லோரையும் தாக்கியது.

"இதெல்லாம் ஓடாதும்மா," என்றார் தலைவர், மென்மையாக.

"ஒண்ணுகூடவா?"

"ஓட வெச்சா புகை வரும். புகை வந்தா குழாய் கறுக்கும்."

"அதோ, அந்த வண்டிக்குப் பக்கத்துல தொட்டில் மாதிரி வெச்சிருக்கே, அதுல என்னை உக்கார வெச்சு நாலு பேர் தள்ளினாலும் சரி. நான் கனமில்ல."

சைட்கார் மாட்டிய அந்த மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர் குறுக்கே வந்து நின்றார். "மன்னிக்கணும். அந்த சீட்டு கம்பெனியில போட்ட அதே சீட்டு. வந்த நாள்லேருந்து ஒருத்தரும் உக்காந்ததில்ல. நானே உக்காந்ததில்ல."

"எங்க எல்லாருக்குமே உதவணும்னு ஆசைதான்," என்றார் தலைவர். "அடுத்த கூட்டத்துல இதை ஒரு பொருளா எடுத்து விவாதிக்கிறோம்."

ஐவி அம்மாள் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரின் குரலில் கேட்டார்: "அப்படின்னா நீங்கள்லாம் எங்க போறதுக்கு இவ்வளவு வண்டி வெச்சிருக்கீங்க?"

தலைவர் வெள்ளிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மிஸ்டர் ஹோல்ராய்ட், மேடைக்கு வாங்க," என்றார்.

டெஸ்மண்ட் கூட்டத்தின் பின்னால், ஐவி அம்மாளின் கண்ணில் படாத இடத்தில் நின்றிருந்தார். நெஞ்சில் அந்தத் தட்டல் இப்போது மண்டபத்துக்கே கேட்கும்போல இருந்தது. அவர் நடந்தார். மேடையைத் தாண்டி நடந்தார்.

"வாங்க ஐவி, போகலாம்," என்றார்.

"அட, நீ இங்கயா இருக்க? உனக்கு ஏதோ பரிசுன்னு மொரீன் சொன்னாளே?"

"அது ஓடிப்போகாது."

ஐவி அம்மாளின் கை அவருடைய முழங்கை மடிப்பில் வந்து உட்கார்ந்தது. ஒரு அளவும் எடுக்காமல், ஒரு கருவியும் இல்லாமல், அப்படியே பொருந்தியது. ஆண்டவர் அந்த முழங்கையை எதற்காக அப்படி வளைத்து வைத்தார் என்று டெஸ்மண்டுக்கு அறுபத்தாறு வயதில் விளங்கியது.

"உன் கையெல்லாம் எண்ணெய் நாத்தம் கண்ணு," என்றார் ஐவி அம்மாள். "பரவாயில்ல, கெட்டியாப் புடிச்சுக்கோ."

கதவைத் திறந்து இருவரும் தூறலில் இறங்கினார்கள். இதற்குப் பிறகு சங்கம் நடந்துகொண்ட விதத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தேநீருக்குப் பால் முதலில் ஊற்றுவதா பிறகு ஊற்றுவதா என்பதில்கூட ஒருமித்த கருத்துக்கு வராத அந்தப் பெரியவர்கள், அன்றைக்கு முதல்முறையாக எல்லோரும் ஒரே ஆளைப் போல எழுந்து, ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு ஓடி வந்தார்கள். ஈரக் காற்று பட்டால் குரோமியம் துருப்பிடிக்கும் அல்லவா? மேடு ஏறிக்கொண்டிருந்த இருவரின் முதுகுக்குப் பின்னால், கதவை இறுக்கிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.