தியாகராசாவின் வலது கை

‘என்னட்டை விடுங்கோ’ மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கலியாண வீட்டில் பந்தல்காரன் வரவில்லையே என்று நீங்கள் நெற்றியைத் தடவத் தொடங்கும் முன்பே உங்கள் தோளில் ஒரு கை வந்து விழுமே, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அவர். பந்தல்காரனைத் தேடிப் புறப்படுவார். போகிற வழியில் ஐயரை ஏற்றிவர ஆளில்லை என்று கேள்விப்படுவார், அதையும் ஏற்பார். ஐயர் வீட்டு வாசலில் தண்ணீர் மோட்டர் இரைவது காதில் விழும், அதைக் கழற்றுவார். பிறகென்ன? பந்தல்காரனை நீங்களே தேடிப் பிடித்து, ஐயர் ஓட்டோவில் வந்து சேர்ந்து, தாலியும் ஏறி, சனம் இரண்டாம் பந்தியில் பாயசத்துக்குக் கையேந்தும் நேரத்தில், முழங்கை வரை கிறீஸ் பூசிக்கொண்டு அவர் வருவார். ‘எல்லாம் சரிதானே?’ என்று கேட்பார். சரி என்பீர்கள். ‘நான் சொன்னனான் தானே!’

இவரைப் பொய்யர் என்று நினைக்காதீர்கள். ஏற்கும்போது நெஞ்சாரத்தான் ஏற்கிறார். அவருக்கு உள்ள குறை ஒன்றுதான்: கையில் பிடித்த வேலை முடியும் முன்பே இன்னொரு வேலை கண்ணில் பட்டுவிடும்.

நீர்வேலிக்கும் அச்சுவேலிக்கும் இடைப்பட்ட ஒரு வாழைத்தோட்ட ஊரில் இந்த வகையின் தலைமகன் தியாகராசா இருந்தார். கூட்டுறவுச் சங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனசமூக நிலையத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆகவே எல்லாப் பதவியும் அவருடையதுதான். சாவகச்சேரிச் சந்தையில் ஒருமுறை ஓர் அம்மா, ‘தம்பி, இந்தப் பலாப்பழங்களை ஒருக்காப் பாத்துக்கொள்ளும், தண்ணி குடிச்சிட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டுதான் நின்றார். அந்த நேரம் பக்கத்தில் ஒரு லொறிக்கு மரக்கறி மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒழுங்காக அடுக்கவில்லை என்று பட்டது. போய் அடுக்குவித்தார். அடுக்கிய உற்சாகத்தில் ‘உதுகளையும் ஏத்துங்கோவன்’ என்று பலாப்பழங்களையும் காட்டி ஏற்றுவித்து, லொறியைத் தட்டி வவுனியாவுக்கு வழியனுப்பியும் வைத்தார். திரும்பிவந்த அம்மா தலையில் கைவைத்து நிற்க, ‘யோசியாதேங்கோ அம்மா, என்னட்டை விடுங்கோ’ என்று தொலைந்த பழங்களைத் தேடும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டார்.

அன்று மாலை தன் வீட்டு மரத்துப் பழங்கள் இரண்டோடு பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தியவர் அவருடைய மனைவி மகாதேவி. அவர் அதிகம் கதைக்கமாட்டார். கதைக்க நேரமில்லை. தியாகராசா தொடங்கியவற்றையெல்லாம் ஒருவர் முடிக்கவேண்டுமே!

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மலையேற்றம் வந்தது.

யாழ்ப்பாணத்தில் ஏது மலை என்று கேட்பீர்கள். நியாயம். கிணறு வெட்டிய மண்ணைக் குவித்தால் அதுதான் எங்களுக்கு மலை. ஆனால் ஊர் நடுவே தண்ணீர் இல்லாத ஒரு தண்ணீர்த் தாங்கி நாலு மாடி உயரத்துக்கு நின்றது. சுவிஸில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள், பனிமலைகளில் ஏறி ருசிகண்டவர்கள், அதன் சுவரில் கைப்பிடிகளும் கால்படிகளும் பூட்டி, கயிறுகளும் அனுப்பி, ‘ஏறுங்கோ’ என்றார்கள். பழக்குவதற்குக் கண்டியில் பயிற்சி எடுத்த றொசாந்தி என்ற விளையாட்டு ஆசிரியை வந்தார். மெலிந்த உருவம், மெல்லிய குரல். ஆனால் சொன்னதை இரண்டாம் முறை சொல்லும்போது முதல் முறையை விட மெதுவாகச் சொல்வார். அதுதான் பயம்.

ஏறுகிறவரின் இடுப்புப் பட்டியில் கட்டிய கயிறு, தாங்கியின் உச்சியிலுள்ள வளையத்தால் போய்த் திரும்பிக் கீழே நிற்பவரிடம் வரும். கீழே நிற்பவரின் பட்டியில் உள்ளங்கையளவு உலோகக் கருவி ஒன்று. அதற்குப் பெயர் பிலே. ஊர்வாயில் விழுந்த அன்றே அது ‘பிள்ளை’ ஆகிவிட்டது. கயிற்றை மடித்துப் பிள்ளையின் வாய்க்குள் விட்டு, பூட்டு வளையத்தால் கோத்து, வளையத்தின் திருகை இறுக்கவேண்டும். பிறகு பிள்ளையிலிருந்து வெளியே வரும் கயிற்று நுனிப்பக்கத்தை வலது கையால் கீழ்நோக்கிப் பிடித்திருக்கவேண்டும். அப்படிப் பிடித்திருக்கும்வரை மேலே இருப்பவர் வழுக்கினாலும் பிள்ளை கயிற்றை நெரித்து நிறுத்திவிடும்.

“கை விட்டால்?” என்று கேட்டார் உதயகலா. தியாகராசாவின் தங்கை மகள். வங்கியில் வேலை. முதலில் ஏற முன்வந்தவர் அவர்தான்.

“கை விட்டால் இது வெறும் இரும்பு,” என்றார் றொசாந்தி. “கயிறு தன்ரை பாட்டுக்கு ஓடும். மூக்கு அரிச்சாலும், தேனீ குத்தினாலும், வீடு பத்தினாலும் இந்தக் கை கயிறை விடக்கூடாது. ஆர் பிடிக்கிறது?”

நீங்களே சொல்லுங்கள், யார் பிடித்திருப்பார்?

“என்னட்டை விடுங்கோ,” என்றார் தியாகராசா.

அவர் கெட்டிக்காரர், ஒரே நாளில் பழகிவிட்டார். கயிறு கொடுத்தார், இழுத்தார், இறுக்கினார். ஏறுமுன் ஒருவரை ஒருவர் சோதிக்கும் சடங்கில் அவரைப் போல் யாரும் இல்லை. பட்டியின் கொளுக்கி சரியா, முடிச்சு எட்டுப் போல இருக்கிறதா, வளையம் திருகியாகிவிட்டதா என்று உதயகலாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். றொசாந்தியே தலையாட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது.

“அண்ணை, புதுசாப் பழகிற ஆக்களுக்குப் பின்னாலை இன்னொராள் நிக்கவேணும். நீங்கள் பிடிக்கிற கயிறின்ரை மிச்சத்தை அவர் பிடிப்பார்.”

“எனக்கோ? பின்னாலை ஆளோ?” தியாகராசாவுக்கு முகம் கறுத்தது. “பிள்ளை, என்னை இந்த ஊரிலை ஆரும்…”

“நான் பிடிக்கிறன்,” என்றார் மகாதேவி.

தேநீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். போத்தலை மதிலில் வைத்தார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார், கணவருக்குப் பின்னால் போய் நின்று கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். றொசாந்தி காட்டியபடி காலை அகட்டி ஊன்றினார். இதில் தனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுபோல நின்றார்.

உதயகலா ஏறத் தொடங்கினார்.

முக்கால் சுவர்வரை தியாகராசாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண் மேலே, கை கீழே. பார்த்துக்கொண்டிருந்த சனம், ‘பரவாயில்லை, மனுசன் ஒரு இடத்திலை நிக்குது’ என்று வியந்தது. அவருக்கே உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஓர் உயிர் முழுதாகத் தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அவரை இரண்டங்குலம் உயர்த்தியது.

அந்த நேரம் பார்த்து, ஏறுசுவரின் திறப்பு விழாவுக்கான கதிரைகளோடு, வாடகைச் சாமான் ஏற்றும் கஜானனின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் டக்டக்கென்று வந்து வெயிலில் நின்றது. கஜானன் இறங்கினான். கதிரைகளை இறக்கினான். எங்கே? சுட்டெரிக்கும் வெட்டவெளியில், அதுவும் பிளாஸ்ரிக் கதிரைகளை! அவற்றை நிழலில் அடுக்கவேண்டும் என்று தெரியாத ஒருவன் உலகத்தில் இருப்பதைத் தியாகராசாவின் கண் கண்டது. கண் கண்டதும் வாய் திறந்தது. வாய் திறந்தால் கை சும்மா இருக்குமா?

“டேய் கஜானன்! அங்கை இல்லையடா, வேப்பமரத்துக்குக் கீழை!”

மரத்தைக் காட்டியது வலது கை.

அதே கணம், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, உதயகலாவின் கால் வழுக்கியது. “மாமா!” என்ற சத்தத்தோடு கயிறு பிள்ளையின் வாய்க்குள்ளால் சர்ரென்று ஓடியது. தியாகராசா அதைக் கேட்டார். தன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பாம்பு ஓடுவதுபோல அது ஓடுவதைப் பார்த்தார். பிடிக்கவேண்டும் என்று மனம் சொன்னது. கையோ வேப்பமரத்தைக் காட்டியபடி வானத்தில் நின்றது. தன் கை இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். மகாதேவி கயிற்றோடு தரையில் குந்திவிட்டார். கயிறு இறுகியது. பிள்ளை நெரித்தது. தியாகராசா முன்னால் ஓர் இழுவை இழுபட்டு நின்றார்.

மேலே உதயகலா, ஓராள் உயரம் கீழே வந்து, முழங்கால் உரசித் தொங்கிக்கொண்டிருந்தார். பிறகு மேலேயிருந்து நடுங்கிய ஒரு குரல் வந்தது:

“மாமா, நான் இப்ப ஆரின்ரை கையிலை நிக்கிறன்?”

“என்ரை கையிலையடி மோனை,” என்றார் தரையில் இருந்த மாமி. “பயப்பிடாமல் இரு. இஞ்சாருங்கோ, அந்தக் கையைக் கீழை கொண்டுவாருங்கோ. கதிரை பழுதாப் போகாது.”

றொசாந்தி பாய்ந்து வந்து கயிற்றை வாங்கி, உதயகலாவைப் பக்குவமாக இறக்கினார். உதயகலா அழவில்லை. நேராக மாமியிடம் போய் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். சிவந்து தடித்திருந்தன. தியாகராசாவும் பார்த்தார். ‘என்னட்டை விடுங்கோ, நான் மருந்து கொண்டுவாறன்’ என்று சொல்ல வாய் எடுத்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்தச் சொற்களை விழுங்கினார். அவை இறங்க நேரம் எடுத்தது.

றொசாந்தி ஏசவில்லை. ஏசியிருந்தால் தியாகராசாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அண்ணை, இனி நீங்கள் ஒருத்தரையும் தனியப் பிடிக்கேலாது,” என்றார். பிறகு அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். “ஆனால் மேலை வாங்கோ. கயித்திலை இறங்கிப் பாருங்கோ. இறங்கேக்கை பிள்ளையும் உங்களிட்டை, கையும் உங்களிட்டை, தொங்கிற ஆளும் நீங்கள்.”

இரும்பு ஏணியால் தாங்கியின் உச்சிக்கு ஏறினார்கள். றொசாந்தி முதலில் ஒரு குறுங்கயிற்றால் அவரைச் சுவரோடு கொளுவினார். இறங்கும் கயிறு தரையைத் தொடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஆனாலும் அதன் நுனியில் முடிச்சுப் போட்டுத்தான் விட்டிருந்தார். அந்தக் கயிற்றை அவருடைய பட்டியிலுள்ள பிள்ளைக்குள் கோத்து, அதற்குக் கீழே சின்னக் கயிறொன்றைச் சுற்றிச் சுருக்கிட்டார். கை தவறினால் அது பிடிக்கும். இன்னொரு கயிற்றையும் அவருடைய பட்டியில் கட்டித் தன் கையில் வைத்துக்கொண்டார். “இப்ப பாரத்தைக் கயித்திலை விட்டுப் பாருங்கோ. பிள்ளை தாங்குதோ எண்டு தெரிஞ்சாப் பிறகுதான் குறுங்கயிறைக் கழட்டுவன்.”

தாங்கியது. கழற்றினார். தியாகராசா விளிம்பில் முதுகைச் சாய்த்தார்.

கீழே தென்னைகளின் தலை தெரிந்தது. வாழைத்தோட்டங்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரிந்தன. அவர் எதையும் பார்க்கவில்லை. வலது கையைத்தான் பார்த்தார். தன் உடம்பு முழுவதும் அந்தக் கைக்குள் இருந்தது. மெல்ல இளக்கினால் இறங்கியது, இறுக்கினால் நின்றது. உதயகலாவின் சத்தம் திரும்பவும் காதில் கேட்டது. இப்படித்தானே, இதே உயரத்தில், அந்தப் பிள்ளை தன்னை நம்பி நின்றது!

நடுச்சுவரில் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டார். அது ஓய்ந்ததும் கீழேயிருந்து கஜானன் கூப்பிட்டான்.

“தியாகண்ணை! மேசையளும் வந்திட்டுது. எங்கை வைக்கிறது?”

சனம் முழுக்க அந்த வலது கையைப் பார்த்தது. விரல்கள் லேசாகத் துடித்தன. பிறகு இன்னும் இறுகின.

“எனக்குத் தெரியாதடா!” என்று சுவரைப் பார்த்தபடியே கத்தினார் தியாகராசா.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கஜானன் தலையைச் சொறிந்துவிட்டு மேசைகளைத் தானாகவே நிழலில் கொண்டுபோய் வைத்தான். ஒழுங்காகத்தான் வைத்தான்.

தரைக்கு வந்த பிறகும் தியாகராசா கயிற்றை விடவில்லை. “நிலத்திலை நிக்கிறியள்,” என்று மகாதேவி சொன்னார். ஓம் என்றார். விடவில்லை. கடைசியில் அவர் தன் வீங்கிய கைகளால் கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கவேண்டியிருந்தது. அப்போது தியாகராசா கூட்டத்துக்குக் கேட்காத குரலில், “நோகுதோ?” என்று கேட்டார். “இப்ப இல்லை,” என்றார் மகாதேவி. பிறகு தியாகராசா உதயகலாவுக்குக் கிட்டப்போய் அந்த உரசிய முழங்காலைக் குனிந்து பார்த்தார். “சரி மாமா,” என்று உதயகலா சொல்லும்வரை நிமிரவில்லை.

திறப்பு விழாவில் உதயகலா உச்சியைத் தொட்டார். முன்னால் கயிறு பிடித்தவர் மகாதேவி, கையில் தோலுறையோடு. பின்னால் மிச்சத்தைப் பிடித்தவர் தியாகராசா. ஒலிபெருக்கி கரகரத்தது, பிரமுகர் ஒருவரின் கதிரைக் கால் உடைந்து அவர் சரிந்தார், ஒருவர் ஓடிவந்து, ‘அண்ணை, சோடாப் பெட்டியைக் காணேல்லை’ என்றார். “பிள்ளை இறங்கட்டும்,” என்றார் தியாகராசா, திரும்பாமல்.

திருந்திவிட்டாரா? எங்கே! மறுநாளே ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் மின்பிறப்பாக்கியையும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவரின் வேலி வழக்கையும் ஏற்றுக்கொண்டார். கயிறு பிடிக்கும்போது மட்டும் கயிறு பிடிக்கிறார். அதுவே பெரிய காரியம் என்று ஊர் நினைக்கிறது.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு வாசித்தீர்கள். நல்லது. இப்போது ஒரு சின்னக் கேள்வி. இதைக் கையில் எடுக்க முன், ‘நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ’ என்று யாருக்கோ சொன்னீர்களே, அவர் போய்விட்டார். அடுப்பில் வைத்துவிட்டுப் போனது பாலா, சோறா? தொட்டிலில் கிடந்தது இன்னும் தொட்டிலில்தான் கிடக்கிறதா?

முதலில் போய்ப் பாருங்கள். கடைசி வரியை என்னட்டை விடு… இல்லை, வேண்டாம். போங்கோ!