ஸ்கூட்டிக்குப் பூ உத்தரவு

மாரியம்மன் கோயில் வாசலில், மாதம்மாளின் பூக்கடை ஓரமாக முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, அர்ச்சுனன் ஆத்தாளையே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

பூப்போட்டு உத்தரவு கேட்பதென்றால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. குழந்தை எடுப்பது வெள்ளை என்றால் ஆகட்டும். சிவப்பு என்றால் ஆகாது. அர்ச்சுனனோ இரண்டு வாழையிலைத் துண்டிலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்து நாரால் கட்டினார். மாதம்மாள் யாருக்கோ கதம்பம் முழம் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லவேளை, நிமிரவில்லை.

மனுஷன் வேறென்னதான் செய்வார்? மகள் ஐஸ்வர்யாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. மாரண்டஹள்ளியிலிருந்து ஊர் பஸ் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் பாலக்கோட்டில் காலேஜின் முதல் வகுப்பு முடிந்துவிடும். இன்னும் பத்து நாள் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். ஸ்கூட்டி வேண்டும் என்றாள்.

"தக்காளி வெலை ஏறட்டும் கண்ணு" என்றார். பாழாய்ப்போன தக்காளி மறுவாரமே ஏறித் தொலைத்தது.

"மொதல்ல லைசென்ஸ் எடு, பார்க்கலாம்." எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"ஆத்தா உத்தரவு குடுக்கட்டும்" என்று வாய்க்கு வந்ததை உளறினார். மனைவி மணிமேகலை அந்த வெள்ளிக்கிழமையே எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

போன வருஷம் ஒசூர் ரோட்டில் தக்காளிக் கூடையோடு மொபெட்டிலிருந்து விழுந்து, பின்னால் வந்த லாரி தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றதை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் மொபெட்டை ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறார். ஒற்றை மகளை அந்த ரோட்டில் எப்படி அனுப்புவது?

பொட்டலங்களைக் கடைப் பலகையில் வைத்துவிட்டுக் குழாயடியில் கால் கழுவினார். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பூசாரி பச்சியப்பனின் மூன்று வயதுப் பேத்தி ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார்.

"வெள்ளை! உத்தரவு கெடச்சிருச்சு!"

அர்ச்சுனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படிங்க? பாப்பா எடது கையில எடுத்துச்சு, செல்லாதுங்க. மத்ததையும் பிரிங்க, பார்த்துரலாம்!"

பிரித்தார்கள். அதிலும் வெள்ளை.

பூசாரி கண்ணைச் சுருக்கினார். "செவப்பு எங்கய்யா? பொட்டலம் மடிச்சது யாரு?"

"நான்... நான்தானுங்க."

"அடப்பாவி! ஆத்தாகிட்டயே தில்லுமுல்லா?"

'நான் வெச்சது ரெண்டும் செவப்புய்யா!' என்பது தொண்டைவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

மணிமேகலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வூட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, இங்க வந்து இந்த வேலையா?"

ஐஸ்வர்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். "எனக்காக ரெண்டுலயும் வெள்ளை வெச்சியாப்பா? உன்னப் போய்த் தப்பா நெனச்சுட்டனே! மெதுவாத்தாம்பா போவேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுவேன்."

அர்ச்சுனனுக்கு வெட்கமாக இருந்தது. மகள் கையை விடவும் மனசில்லை.

"லாரி வந்தா ஓரங்கட்டி நின்னுரு கண்ணு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாசலில் புது ஸ்கூட்டி மாலையோடு நின்றது. ஐஸ்வர்யா ஹெல்மெட்டை மாட்டினாள், எலுமிச்சம்பழத்தை நசுக்கி ரோட்டில் இறங்கினாள். எதிரே ஒரு லாரி. ஓரங்கட்டினாள், அது போனதும் நிதானமாகக் கிளம்பினாள். அர்ச்சுனனுக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

"ஆத்தா பொல்லாதவ, மாதம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு எப்படித்தான் மாத்துனாளோ!"

மாதம்மாள் பூக்கட்டும் கையை நிறுத்தவில்லை.

"நான் மேல படிக்கலாமான்னு கேட்டப்போ எங்கப்பனும் இப்படித்தாங்கண்ணா, ரெண்டுலயும் செவப்ப வெச்சு மடிச்சாரு. அன்னிக்கு மாத்தி வெக்கத்தான் இந்தக் கடையில ஆளில்லாமப் போச்சு."