ரைட் மாமாவின் அமெரிக்கா

அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் காரில் கடந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். விசா இல்லாமல், ஒரே மத்தியானத்தில், புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியோடு கடந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மதுரை ஆனையூரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். பெயர் ரைட் மாமா.

ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்கக் கண்டக்டர் "ரைட்" சொன்ன பிறகே வண்டியை எடுத்துப் பழகியதால், அந்தச் சொல் காதில் விழாமல் அவரால் எதையும் நகர்த்த முடியாது. பழைய அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். பக்கத்தில் அத்தை உட்கார்ந்து, முந்தானையைச் சொருகிக்கொண்டு, "போலாம், ரைட்டு" என்றால்தான் கியர் விழும். சைக்கிளுக்கும் அதே விதி. அத்தை அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார். ஒருமுறை கோயிலில் கும்பிட்டு முடித்த மாமா, ரைட் வராததால் சன்னதியிலேயே நின்றுவிட்டார் என்று என் அப்பா சொல்வார். அது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

அவர்களுடைய ஒரே மகள் சுமதி அக்கா கல்யாணமாகிக் கலிபோர்னியாவில் இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. தெருவுக்கே எங்கள் வீட்டு போன்தான். அக்கா முழுகாமல் இருக்கும் செய்தி வந்ததும், அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிரசவத்துக்கு நான் வாரேன்டி. பயப்படாத, வாரேன்" என்றார். அன்றே மூட்டை கட்டத் தொடங்கினார். பிரசவ மருந்து, பூண்டு லேகியம், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த குழந்தைத் துணி, கண்மை, காரணம் தெரியாமல் ஒரு தேங்காய்.

சென்னையில் விசா நேர்காணல். அதிகாரியின் கேள்வியை ஒருவர் தமிழில் சொன்னார்: "அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

மகளைப் பார்ப்போம் என்பதே சரியான பதில். மாமாவுக்கோ வாழ்நாளில் 'என்ன செய்வீர்கள்' என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"டிரைவிங்குங்க" என்றார். "ஆக்சிடெண்ட் இல்லாத சர்வீஸு. பஸ்ஸு, லாரி, எதைக் குடுத்தாலும் ஓட்டுவேன். நைட் டூட்டியும் பாப்பேன்."

சட்டைப் பையிலிருந்து லைசென்சை வேறு எடுத்து நீட்டினார். வேலை தேடி வருகிறார் என்று இருவருக்குமே விசா இல்லை என்றாகிவிட்டது.

வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: "மகளப் பாக்கப் போறோம்னு சொல்ல வாய் வல்லயா ஒனக்கு?" அதுதான் கடைசி. அதற்குப் பிறகு மாமாவோடு பேசவில்லை. "ஒங்க மாமாவுக்குச் சோறு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு" என்று தெருவைக் கடந்து என் வழியாகத்தான் தகவல் போகும். அம்பாசடர் வேப்பமரத்தடியில் நின்றது. அதன்மேல் காக்காய்கள் குடும்பம் நடத்தின.

"நான் வேணா ரைட் சொல்லவா மாமா?" என்று கேட்டேன்.

"ஒன்ட்ட பேட்ஜ் இருக்காத்தா?"

"நீங்களே சொல்லிக்கிட்டா?"

"டிரைவரே ரைட் குடுத்துக்கிட்டா அதுக்குப் பேரு பஸ்ஸு இல்ல. திருட்டு வண்டி."

இதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பேரன். சுமதி அக்கா எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, "அம்மாவக் கூப்பிடேன்" என்பார். நான் ஓடுவேன். அத்தை வரமாட்டார். "வாரேன்னு சொன்னவ, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போன்ல பேசுவேன்? நேர்ல போனாத்தான் பேச்சு." திரும்பி வந்து, "அத்தை குளிச்சுக்கிட்டிருக்காங்க" என்பேன். நான்காவது முறை அக்கா அழுதுவிட்டார். "எங்கம்மா எப்பப் பாத்தாலும் குளிக்குதா?"

இதை நான் மாமாவிடம் சொன்னேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மருமகன் எப்போதோ அனுப்பியிருந்த அமெரிக்க ரோடு மேப்பை எங்கள் கூடத்தில் விரித்தார். பாதிக் கூடம் மறைந்தது.

"ஏத்தா, நீ இஞ்சினியருக்குத்தான படிக்கிற? இதை ஒத்தக்கடைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவுல அடக்க முடியுமா?"

முடியும். கணக்குப் போட்டேன். நம்முடைய ஒரு கிலோமீட்டர் அவர்களுக்குத் தொண்ணூறு. ஒத்தக்கடை நியூயார்க், உசிலம்பட்டி கலிபோர்னியா. நடுவில் வைகை, மிசிசிப்பி. நாகமலை, ராக்கி மலைத்தொடர். மனசாட்சிக்கு உறுத்தாத அளவுக்குப் பொருந்தியது.

"நம்ம அம்பாசடர் ஸ்பீடு என்னா ஆகும்?"

"ஜெட் விமானத்தைவிட அதிகம் மாமா."

"யாத்தே. கொஞ்சம் அசந்தா கடல்ல போய் விழுந்துருவோமே" என்றவர், தெருவில் நின்று தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். "சுமதி ஊருக்குப் போறேன். வாரவுக வரலாம்!"

தெரு சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ஆனால் சற்று நேரத்தில் தலைவாரி, புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியும் அந்த அமெரிக்க மூட்டையுமாக வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். தேங்காயும் வந்தது. வழி சொல்ல நான் பின்சீட்டில், மேப்போடு.

மாமா சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தார். அத்தை வாயைத் திறக்கவில்லை. கையை வெளியே விட்டு, கதவில் டப் டப் என்று இரண்டு தட்டு தட்டினார். கண்டக்டர்கள் அவசரத்துக்குச் செய்வதுதான்.

"தட்டுக்கும் போகலாம். ரூல்ஸ் இருக்கு" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

நியூயார்க்கில் டீ குடித்தோம். மிசிசிப்பியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வேட்டிகள் காய்ந்தன, மூன்று கழுதைகள் படுத்திருந்தன. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். காளவாசல் நெருங்கும்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன்.

"அமெரிக்காவுல எல்லாரும் ரோட்டுக்கு ரைட் சைடுலதான் மாமா ஓட்டுவாங்க."

மாமா ஒரு கணம் யோசித்தார். "அதை மொதல்லயே சொல்ல வேணாமா?" என்று ஸ்டியரிங்கை வலதுபக்கம் ஒடித்தார்.

எதிரே ஒரு பஸ். அதன் பின்னால் ஒரு லாரி. நடுவில் கீரைக் கூடையோடு ஒரு மொபெட். காளவாசலின் அத்தனை ஹாரன்களும் ஒரே நேரத்தில் அலறின.

"லெஃப்டு!" என்று வீறிட்டார் அத்தை. "யோவ், லெஃப்டுய்யா! எம் பேரன் மூஞ்சியப் பாக்காமயே என்னையக் கொன்றாத! லெஃப்டு!"

கார் இடதுபக்கம் பாய்ந்து, ஒரு வாழைப்பழக் கடைமுன் நின்றது. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, ரிட்டயர்மெண்டு கண்ணுக்கும் சேத்தா?"

"இல்ல மாப்ள" என்றார் மாமா. முகமெல்லாம் பல். "கண்டக்டர் பேசிட்டாக."

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. முறைத்தார். பிறகு பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வேண்டுமென்றே திருப்பினாரா என்று பின்னாளில் எத்தனையோ முறை மாமாவிடம் கேட்டிருக்கிறேன். "ஆக்சிடெண்ட் இல்லாத சர்வீஸுத்தா" என்பதே பதில்.

நாகமலை புதுக்கோட்டையில், ராக்கி மலையைப் பார்த்தபடி புளிச்சோறு சாப்பிட்டோம். "சுமதி வீட்டுல இருந்து பாத்தா மலை தெரியுமாம்" என்றார் அத்தை, மாமாவிடம் நேராக. அதன் பிறகு உசிலம்பட்டி வரை ரைட்டுக்குப் பஞ்சமில்லை.

கலிபோர்னியாவில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா இருக்கும் நிஜக் கலிபோர்னியாவில் அப்போதுதான் விடியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இடதுகைப் பக்கம் புரோட்டாக் கடை, அதை ஒட்டி ஐ.எஸ்.டி. பூத். நான் எண்ணைச் சுழற்றி, அக்கா குரல் கேட்டதும் ரிசீவரை அத்தையிடம் நீட்டினேன். அவர் முதலில் காற்றில் கலைந்த முடியை ஒதுக்கினார், நேரில் நிற்பவர் போல.

"சுமதி, வாரேன்னு சொன்னேன்ல. வந்துட்டேன்டி."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மாமா, பக்கத்துப் புரோட்டாக் கடையின் விலைப் பலகையை மிகுந்த கவனத்தோடு படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போடாமல் அவருக்கு எழுத்து தெரியாது.

சில வருடங்கள் கழித்து எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "கலிபோர்னியாவுக்குக் காரிலேயே போனால் என்ன?" என்றார் கணவர். பட்டியல் போடாமல் கடைக்குக்கூடப் போகாத நான், நியூயார்க்கிலிருந்து அப்படியே கிளம்பினேன். கணக்கில் இரண்டு பிழைகள் தெரிந்தன. மிசிசிப்பியில் தண்ணீர் ஓடியது. ராக்கி மலை நாகமலையைவிடச் சற்றுப் பெரியது. மற்றபடி வழி சரிதான். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் நான் சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பேன். ரைட் சொல்லக் கணவர் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்.

கலிபோர்னியா எல்லைப் பலகையைத் தாண்டி, வெறும் பாலைவனத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஆனையூருக்குப் போன் போட்டேன்.

"மாமா, வந்துட்டோம்."

"வந்துட்டியாத்தா? எறங்குனதும் இடதுகைப் பக்கம் புரோட்டாக் கடை இருக்கும் பாரு. ஒட்டி பூத்து. இருக்கா?"

சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் மணல்.

"இருக்கு மாமா" என்றேன்.