சிங்காரியை எப்போது நிறுத்துவது

இராசிபுரம்
12-6-1982

அன்புள்ள மாப்பிள்ளை வெள்ளியங்கிரிக்கு, மாமன் செங்கோட்டையன் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் உன் குதிரை சிங்காரியும் நலம். மூவரில் வயிறாரச் சாப்பிடுவது சிங்காரிதான். திருச்செங்கோட்டில் உன் அம்மா பாவாயியும் தம்பி காளியப்பனும் நலம்தானே?

போன தையில், "ஏனுங் மாமா, குதிரைக்கு வேலை போதும்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாய். காபி ஆறிக்கொண்டிருந்ததால், பார்க்கலாம் என்றேன். இப்போது பார்த்துவிட்டேன்.

வயதை வைத்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பிறந்த தேதி பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று நான் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன். எங்கள் கணக்கு வாத்தியார் நாற்பதிலேயே நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஆகவே நடையைப் பார்க்க வேண்டும்.

நம் தெரு தங்கசாமி மகன் கல்யாணத்துக்குச் சிங்காரியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டாய். பிறகு நடந்தது இது. கல்யாண மாப்பிள்ளை ஏறியதும் சிங்காரியின் முதுகு சற்றுக் குழிந்தது, முன்னங்கால் ஒன்று தரையை நம்பாமல் நுனியால் தொட்டது, இவள் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு "மாப்பிள்ளை குதிரை ஏறாமப் போனா ஊரு சிரிக்குமுங்க வாத்தியாரே" என்றார் தங்கசாமி, சரியென்று கிளம்பினால் முச்சந்தியில் இன்னொரு கல்யாண ஊர்வலம், சிங்காரிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருப்பதால் அவள் காதை நம்பி நடப்பவள், நம் மேளக்காரர்கள் வெற்றிலை போட நிறுத்திய நேரம் பார்த்து அந்த மேளம் ஓங்கிவிட்டது, மாலை மறைத்து மாப்பிள்ளைக்கும் வழி தெரியவில்லை, அவள் நேரே அவர்கள் பந்தலில் போய் நின்றாள், அங்கே ஆரத்தியும் சுற்றிவிட்டார்கள்.

"ஏனுங்க, இது நம்ம மாப்பிள்ளை இல்லீங்களே" என்றது ஒரு குரல்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பெண்ணின் சித்தி. "நம்மது கார்ல தூங்கிக்கிட்டு வருது. குதிரையில வந்தவனையே கட்டி வெச்சிருங்க."

திரும்பும்போது சிங்காரிக்குக் கால் மடங்கவில்லை. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். ஊர் சிரித்தது.

சிங்காரி நொண்டியபடி நம் கொல்லைக்கு வந்தாள். ராத்திரி முழுதும் ஓய்வு கொடுத்தும் முட்டி வீக்கம் இறங்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னதை என் முறையில் சொல்கிறேன்: காலர் அழுக்கு துவைத்தால் போகும், கிழிசல் போகாது. களைப்பு காலையில் இறங்கிவிடும், தேய்மானம் இறங்காது.

ஆவணியில் காளியப்பன் கல்யாணம். "பெரியவனைச் சொமந்த குதிரைதான் சின்னவனையும் சொமக்கோணும்" என்று பாவாயி பிடிவாதமாக இருப்பது தெரியும். அவன் ஏறினால் சைக்கிளே முனகுகிறது. சிங்காரி விழுந்தால் அவள் காலும் போகும், அவன் இடுப்பும் போகும். ஆகவே இன்றோடு நிறுத்து. மேளம், பந்தல் எதன் பக்கமும் அவளை விடாதே. புல்லும் நிழலும் போதும். இது என் முடிவு.

எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். பாவாயியிடம் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக் காட்டு.

இப்படிக்கு,
மாமன் செங்கோட்டையன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தெருவில் ஒரு கல்யாண மேளம் போயிற்று. எட்டிப் பார்த்தால் கொல்லையில் சிங்காரியையும் காணோம், கட்டிய முளையையும் காணோம். மேளக்காரர்களுக்கு முன்னால், முதுகில் யாருமில்லாமல், நொண்டிக்கொண்டே தலைநிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை பின்னால் நடந்து வந்தார், யாரும் சிரிக்கவில்லை. கழுத்தில் மாலையோடு திரும்பி வந்தவளைக் கட்டிப்போட்டுவிட்டு உன் அத்தை சொல்கிறாள்: "சொமக்கத்தானுங்க அவளுக்கு ஆகாது. கல்யாணத்துக்குப் போறதை எதுக்கு நிறுத்தறீங்க?"

எனவே மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு கையில் சேணமும் மறு கையில் சலங்கை மாலையுமாகச் சிங்காரி முன்னால் நில். எந்தக் கைக்கு வருகிறாள் என்று அம்மாவையே பார்க்கச் சொல்.