அன்வருதீன் போட்ட முடிச்சு

மனைவி ஜஹபர் நிஷாவை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று அன்வருதீன் உறுதி எடுத்துக்கொண்டான். பேசினால் சண்டை வரும். சண்டை வந்தால் தோற்பான். பதினொரு வருட அனுபவம்.

முல்லா வீதி வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். அவன் 'மீட்டிங்' என்று சொல்லிவிட்டால் குக்கர்கூட விசிலடிக்க யோசிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் நிஷா மெடிக்கல் கோடிங் படித்து, வேலையும் வாங்கி, "எனக்கும் மீட்டிங் இருக்குது" என்று சொன்ன அன்று தன் நாற்காலியில் பாதியைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது அவனுக்கு. மூன்று மாதம் சோதனைக் காலம். தினமும் இத்தனை நோயாளிகளின் ஃபைலுக்கு நோய்க் குறியீடு போட வேண்டும் என்று கணக்கு. முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலேயே இருப்பவளை எப்படி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது வேறு விஷயம்.

அவளுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றது கம்பெனி.

"புதுசு எதுக்கு? என் மெஷின் வயித்துக்குள்ளயே உனக்கு ஒண்ணு செஞ்சி தர்றேன்."

செய்தும் கொடுத்தான். பெட்டி ஒன்றுதான். அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர், நிஜமாகவே இருப்பதுபோல ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். பழைய லேப்டாப்பில் அதைத் திறந்து அவள் வேலை பார்க்கலாம்.

"வெளியில இருக்குற என்னுது ஹோஸ்ட். உள்ள இருக்குற உன்னுது கெஸ்ட்" என்று விளக்கினான்.

"இந்த வீட்ல நான் கெஸ்ட்டுன்னு எப்பவோ தெரியும். அதுக்குப் பேரே வச்சிட்டாங்களா?"

அந்தப் பதில் சுருக்கென்று தைத்ததால்தான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். செட்டிங்ஸுக்குள் போய், அவள் மெஷினின் நெட்வொர்க்குக்கு மட்டும் வேக வரம்பு போட்டான். ஒரு சின்ன எண். நாலு வழிச் சாலையை ஒற்றையடிப் பாதையாக்க அது போதும்.

மறுநாளே ஆரம்பித்தது.

"என்னாங்க, ஒரு ஃபைல் தொறக்குறதுக்குள்ள அரைக் கிலோ வெங்காயம் அரிஞ்சிட்டு வந்துட்டேன். இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது."

"பாக்கெட் லாஸா இருக்கும்."

"எந்த பாக்கெட்டு?"

"டேட்டா பாக்கெட். வழியில காணாமப் போயிடும்."

"பால் பாக்கெட்டு காணாமப் போனா பூனையச் சொல்லலாம். இத யாரு குடிக்கிறா?"

அன்வருதீன் சிரிக்காமல் சமாளித்தான். வரிந்து கட்டிக்கொண்டு பழுது பார்க்கவும் இறங்கினான். கேபிளைப் பிடுங்கிச் செருகினான். ரவுட்டரை அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு மாற்றினான், ஜன்னலிலிருந்து ஃபிரிட்ஜ் தலைக்கு ஏற்றினான். உப்புக் காத்து வயரை அரித்துவிட்டது என்று கடலைக் குற்றம் சொன்னான். கோளாறு எங்கெல்லாம் இல்லையோ அங்கெல்லாம் மிகவும் கவனமாகத் தேடினான்.

இரண்டாவது வாரம் நிஷா தானே இன்டர்நெட் லைன்மேன் கோவிந்தராசுவை வரவழைத்துவிட்டாள். அவர் வந்த நேரம் அன்வருதீன் பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் போயிருந்தான்.

"இன்னா சொன்னாரு?" என்று திரும்பி வந்ததும் கேட்டான்.

"லைன்ல ஒண்ணும் இல்லையாம்."

"கம்பத்துல ஏறுறவருக்குக் கம்ப்யூட்டரப் பத்தி இன்னா தெரியும்?"

அன்று சாயங்காலம் சமையலறையில் குழாய் ரொம்ப நேரம் திறந்தே கிடந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் அழுவது கேட்டது. அன்வருதீன் வாசல் திரைவரை போனான். திரையில் கை வைத்தான். திரும்பி வந்துவிட்டான். திட்டம் பலிக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவமானமாக இருந்தது. கிரிக்கெட் ஹைலைட்ஸ் ஒன்றைப் போட்டான். எங்கும் நிற்காமல் ஓடியது.

அதன் பிறகு தினம் ஒரு புலம்பல். "இன்னிக்கும் சுத்துதுங்க." "இன்னிக்கு ரொம்ப மோசம்." அவனும் தினம் உச்சுக் கொட்டினான்.

மூன்று மாதம் முடிந்த அன்று, ஆறுதல் சொல்ல ஏற்பாடாகக் கால் கிலோ தம்ரூட் இனிப்பு வாங்கி வைத்தான். பதினொன்றரை மணிக்கு அவளுக்கு போன் வந்தது. பேசி முடித்து வந்தாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சிங்க. எங்க பேட்ச்ல நாந்தான் அதிக ஃபைல் முடிச்சிருக்கேனாம்."

"அந்த ஸ்பீடுல எப்பிடி முடியும்?" என்று வாய் தவறிவிட்டது அவனுக்கு.

நிஷா தம்ரூட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"எந்த ஸ்பீடுலங்க?"

அவன் ஃபிரிட்ஜ் தலையிலிருந்த ரவுட்டரைப் பார்த்தான்.

"ஒரே வயரு, ஒரே பொட்டி. உங்களுது ஓடுது, என்னுது ஓடல. 'கோளாறு பொட்டிக்குள்ளதாம்மா இருக்குது, யாரோ கட்டிப் போட்ருக்காங்க'ன்னு கோவிந்தராசு அண்ணன்தான் சொன்னாரு. நம்ம பொண்ணு இஷ்ரத் பொறந்த தேதிதானே உங்க பாஸ்வேர்டு? உள்ள போனேன். பார்த்தேன். எடுத்து உட்டேன்."

"அப்ப தினமும் சுத்துதுன்னு சொன்னது?"

"சொல்லலன்னா இன்னொரு முடிச்சு போட்டிருப்பீங்க."

"அன்னிக்கு அழுதியே, அது?"

அவள் கை ஒரு கணம் நின்றது.

"அது நெசம். அன்னிக்குத்தான் பார்த்தேன்."

பொட்டலத்தைத் திரும்ப மடித்து மேசையில் வைத்தாள்.

"போவாதன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம். நீங்க கூடவே உட்கார்ந்து கேபிளப் புடுங்கிப் புடுங்கிச் சொருகினீங்களே, அதத்தான் என்னால மறக்க முடியல."

நல்லவேளையாக, பன்னிரண்டு மணிக்கு மேனேஜருடன் மீட்டிங் இருந்தது. தப்பித்தோம் என்று எழுந்து போய்த் தன் மெஷினில் பாஸ்வேர்டு அடித்தான். தவறு என்றது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். தவறு.

"நிஷா, பாஸ்வேர்ட மாத்தினியா?"

"காலையில மாத்தினேன்."

"பத்து நிமிசத்துல மீட்டிங்கும்மா!"

"எனக்கும் இப்ப மீட்டிங்குதான். ஒரு மெயில் போட்டு வைங்க, முடிச்சிட்டுப் பார்க்குறேன்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்வருதீன் சற்று நேரம் கதவைப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்து, 'மதிப்பிற்குரிய மேடம்' என்று தொடங்கினான்.