அப்பா காதில் விழாத ஒரு வரி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். சத்தமாகவே சுகம்.

நாடக அரங்கில் பெருக்குகிற வேலையை நீங்கள் வாங்கித் தந்தபோது நான் முதலில் கவனித்தது, அங்கே கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறார்கள் என்பதைத்தான். நம் வீட்டில் ரகசியத்தையும் கூவித்தானே சொல்வோம்? தறிச் சத்தத்தில் அப்பாவின் காது மந்தமானதும் ஆலையில் அவரை மூட்டை தூக்க மாற்றினார்கள், வருமானம் குறைந்து என் படிப்பு நின்றது, அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கு அவர்மேல் கோபமில்லை என்று சொல்லலாமென்றால் என் குரல் எனக்கே கேட்காது. அதனால் தறிக்கூடத்துக் காதலும் நம் வீட்டுக் கதையுமாக ஒரு நாடகம் எழுதி இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அவர் கூப்பிட்டு, "ஏம்மா, காதலிக்கிறவங்க எதுக்கு இப்படிக் கத்திக்கிறாங்க?" என்றார். "தறிக்குப் பக்கத்துல நின்னு பேசறாங்க சார், கத்தலேன்னா எப்படிக் கேக்கும்?" என்றேன். அது அவருக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். சிரித்துவிட்டு, போடலாம் என்றார். ஆனால் மகள் அப்பாவிடம் பேசும் கடைசி வரியை மெல்லச் சொன்னால்தான் மனதைத் தொடும் என்று மகளாக நடிக்கிற அக்கா பிடிவாதம் பிடித்தார், எனக்கு மறுக்க வாய் வரவில்லை.

நேற்று அப்பாவும் அம்மாவும் முதல் வரிசையில். மேடையில் மேஸ்திரி திட்டினால் அப்பா கீழேயிருந்து, "நீ வந்து தூக்கிப் பாருடா மூட்டைய!" என்கிறார். அதுவும் நாடகம்தான் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரி வந்தது. அரங்கமே அழுதது. அப்பா மட்டும், "என்னடி சொல்றா?" என்று கேட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மா, "ஒண்ணுமில்ல, சும்மா இருங்க!" என்றாள். திரும்பி வரும்போது அப்பா சொன்னார்: "எல்லாம் ஜோரு. அந்தப் பொண்ணுதான் கடைசியில என்னமோ முணுமுணுத்துச்சு. அதுக்கு யாரும் சோறு போடலியா?"

பரவாயில்லை அத்தை. எழுதியதே போதும். நீங்கள் கையில் கொடுத்த துடைப்பம்தான் என்னை மேடை வரைக்கும் கொண்டுபோனது, அதை மறக்க மாட்டேன். மாமாவுக்கு என் வணக்கம், குட்டிப்பயலுக்கு முத்தம்.

நீங்கள் 'முணுமுணு' என்று கூப்பிடும்
மருமகள்

பி.கு.: போதும் என்று எழுதியது பொய். உறையை ஒட்டப் போகும்போது அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தெருக்குழாயில் நல்ல கூட்டம். நான் போய் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தி, நாடகத்தின் அந்தக் கடைசி வரியை, "படிப்ப நிறுத்தினதுக்கு எனக்கு உன் மேல கோவம் இல்லப்பா!" என்று கத்தினேன்.