வள்ளியூர் வரை வழியனுப்பு

நாகர்கோவில்,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான நேசபாய் அக்காவுக்கு,

தங்கை எலிசாவின் தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். மதுரையில் அத்தானின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ரசலையன் சித்தப்பாவை ரயில்வே போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாக நீ கேள்விப்பட்டது பொய். போலீஸ் அவருக்கு நன்றிதான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மகள் பெமிலா சென்னைக்குக் கிளம்பினாள். முதல் வேலை. ஸ்டேஷனுக்கு நானும் அவள் அப்பாவும் போதும் என்று முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். சித்தப்பா, சித்தி, மைனிமார், அவர்கள் பிள்ளைகள், பலாக்காய் வறுத்த டின். லீவு முடிகிற நாள், கூட்டம் கொஞ்சமல்ல. ஆனால் இந்தத் தடவை ஸ்டேஷனில் ஒரு ஒழுங்கு செய்திருந்தார்கள். ரிசர்வேஷன் உள்ளவர்கள் இடது வாசல் வழியாக நேரே பிளாட்பாரத்துக்குப் போகலாம். மற்றவர்கள் முன்னால் போட்ட பந்தலில் கயிற்றுக்குள் நின்று, விசில் ஊதியதும் வரிசையாகப் போக வேண்டும். வழியனுப்ப வந்தவர்களுக்குப் பிளாட்பாரம் டிக்கெட்டே கிடையாது. இந்த மாதிரி ஏற்பாடுகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் இது யோசித்துச் செய்ததாகத்தான் பட்டது. வாசலில் கைகாட்டிவிட்டுத் திரும்புவோம் என்றேன்.

“ஏட்டி, பிள்ளைய ஜெபிக்காம வண்டி ஏத்தவா?” என்று கேட்டுவிட்டு சித்தப்பா கவுண்டருக்குப் போனார். திரும்பி வரும்போது எங்கள் எல்லோருக்கும், வண்டி அடுத்து நிற்கிற வள்ளியூர் வரை சாதாரண டிக்கெட் கையில் இருந்தது. இனி நம்மை எவன் தடுப்பான் என்றார்.

யாரும் தடுக்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்த போலீஸ்காரர் எங்களை மரியாதையாகப் பந்தலுக்கும் பெமிலாவை இடது வாசலுக்கும் அனுப்பிவிட்டார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், கூட்டம் மறைத்துவிட்டது. டிக்கெட்தான் இருக்கிறதே, பிளாட்பாரத்தில் பேசிக்கொள்ளலாம் என்று நான் அதுவரை அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஜெபம் நடக்கட்டும் என்று சித்தப்பா கயிற்றுக்குள்ளேயே கண்ணை மூடினார். பின்னால் நாங்களும் அசையாமல் நின்றோம். அதுவரை பந்தலில் ஆளுக்கொரு திசையில் முட்டிக்கொண்டிருந்தவர்கள், இதுதான் வரிசை போலிருக்கிறது என்று எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சித்தப்பாவின் ஜெபம் உனக்குத் தெரியும். இன்ஜின் டிரைவரில் தொடங்கி, சிக்னல், பாலம், பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் பாதுகாத்து முடித்து, ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், வரிசை பந்தலைச் சுற்றி வளைந்து ரோடு வரை நிற்கிறது. வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த போலீஸ்காரர் வந்து, “ரொம்ப நன்றி பாட்டா. நாளைக்கும் வருவியளா?” என்றார்.

விசில் ஊதினார்கள், பிளாட்பாரத்துக்குப் போகிற கதவு திறந்தது. வரிசையின் தலையே நாங்கள்தான். விலகலாம் என்றால் இரண்டு பக்கமும் கயிறு, பின்னால் ஊர். சித்தப்பா நடந்தார், நாங்களும் நடந்தோம், யாரும் யாரையும் தள்ளாமல் பெட்டிக்குள் ஏறினோம், அப்புறம் இறங்க வழியில்லை, வண்டி புறப்பட்டுவிட்டது. வேன் டிரைவரை வள்ளியூருக்கு வரச்சொல்லி போன் செய்தோம்.

வள்ளியூரில் வண்டி நின்றதும் நான் ஓடினேன். கல்லூரியில் பாடம் நடத்தும் பொம்பிளை ஓடுகிற ஓட்டமில்லை அது. பெமிலா ஜன்னலோரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க எப்பிடி இங்க வந்திய?”

“டிக்கெட் எடுத்துத்தான்” என்றேன்.

சிரித்துவிட்டாள். கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தும், “நேரத்துக்குச் சாப்பிடு மக்கா” என்பதுதான் வந்தது. சித்தப்பா மூச்சுவாங்க வந்து கண்ணை மூடினார். இன்ஜின் டிரைவரைத் தாண்டுவதற்குள் வண்டி போய்விட்டது. நேற்று வேலையில் சேர்ந்துவிட்டாள்.

ஆகவே, அக்கா, அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வந்துவிட்டு வியாழக்கிழமை நீ திரும்பும்போது, நான் மட்டும் ஆட்டோவில் கூட்டிப்போய் வாசலில் விட்டுவிடுவேன். வேறு ஒருவரும் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ரயில்வேக்காரர்கள் கூட்டத்தைச் சமாளிப்பார்கள். நம் குடும்பத்தைச் சமாளிக்க அவர்களால் ஆகாது.

அத்தானுக்கு என் தோத்திரம். கர்த்தர் உங்களைச் சுகமாக ஊர் கொண்டுவந்து சேர்ப்பாராக.

அன்புத் தங்கை,
எலிசா

பி.கு.: வள்ளியூரில் வண்டி நிற்கிற நேரம் ஜெபத்துக்குப் போதவில்லை என்று சித்தப்பா குறைப்படுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. வியாழக்கிழமை எங்கள் எல்லோருக்கும் திருநெல்வேலி வரை டிக்கெட் எடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். உன் ஜன்னல் எந்தப் பக்கம் வரும் என்று விசாரித்து வை.